சாட்சித் தட்டு

ஜானட் மேல் எப்போது பொறாமை வந்தது என்று யாராவது கேட்டால் யசோதராவால் தேதியே சொல்ல முடியும். நவம்பர் இருபத்தாறு, காலை பத்தேகால். அன்றைக்குத்தான் ஜானட், இதமான சூட்டில் பூஞ்சை வளர்க்கும் இன்குபேட்டரிலிருந்து ஒரு பெட்ரி தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "யசோக்கா, இத்த கொஞ்சம் பாரேன், இன்னாவோ மாதிரி கீது" என்றாள்.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தட்டின் வலப்பக்கம் நெற்பயிரைக் கருக்கும் குலை நோய்ப் பூஞ்சை, சாம்பல் நிறத்தில் பாதித் தட்டை விழுங்கிவிட்டு வந்து நின்றிருந்தது. இடப்பக்கம் ஜானட் வைத்த பூஞ்சை, தும்பைப் பூ வெள்ளையில் ஒரு சின்ன வட்டம். இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு வெறும் இடம். சாம்பல் அந்த இடத்துக்குள் ஒரு இழைகூட நீட்டவில்லை. யாரோ அங்கே நின்று கையைக் காட்டித் தடுத்த மாதிரி இருந்தது.

அந்த விரலகல இடத்தைத்தான் யசோதரா இரண்டரை வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

ராயபுரத்தில் ஒரு பழைய கல்லூரியின் மூன்றாவது மாடியில் இருந்தது அவர்களுடைய ஆய்வுக்கூடம். கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும். மேலே இவர்கள் நெல் இலையை நறுக்கிக்கொண்டிருப்பார்கள். பச்சைப் பசேலென்று நோய்நொடி இல்லாமல் நிற்கும் நெல்லின் இலைக்குள்ளும் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. சில சும்மா இருந்துவிட்டுப் போகும். சில மட்டும், வெளியிலிருந்து நோய் வந்தால் எதையோ சுரந்து அதைத் தடுத்துவிடும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் விதையோடு சேர்த்து ஊறவைத்து விதைக்கலாம், மருந்து தெளிப்பதைக் குறைக்கலாம். ஆய்வுக்கூட உதவியாளர் கமாலுதீன் பாய் இதை யசோதராவைவிடச் சுருக்கமாகச் சொல்வார். "வாட்ச்மேன் கேட்டுல நிக்கல, வூட்டுக்குள்ளயே குந்திகினு கீறான். அதானே?"

அதேதான். யசோதரா வள்ளூரில் ராஜாத்தி என்கிற பெண்ணின் வயலிலிருந்து இலை இலையாகக் கொண்டுவந்து இருநூற்றுப் பன்னிரண்டு பூஞ்சைகளைப் பிரித்தெடுத்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டும் குலை நோயின் எதிரில் வைத்தவுடன் பாய் விரித்துப் படுத்துக்கொண்டன. எண்பத்தெட்டாவது மட்டும் கொஞ்சம் முனகியது. ஜானட் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. வள்ளூருக்கு எந்த பஸ் என்று காட்டியது யசோதரா. ராஜாத்தியை அறிமுகப்படுத்தியது யசோதரா. இலையை எப்படிப் பிடித்து நறுக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்ததும் யசோதரா. அந்த வயலில், யசோதரா நூறு தடவை நடந்த வரப்பின் ஓரத்திலிருந்த ஒரு செடியில், ஜானட்டின் ஏழாவது இலையில் இது வந்தது. ஜே-ஏழு.

"சூப்பர்டி" என்றாள் யசோதரா.

ஜானட்டை வெறுப்பதாவது சுலபமாக இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. அவள் அப்பா பாஸ்கல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வாங்கி வரும் மீனில் ஒரு பங்கு வறுபட்டு, திங்கட்கிழமை யசோதராவின் டப்பாவுக்கு வந்துவிடும். "உனுக்குத்தான்க்கா நடுத்துண்டு" என்பாள். நடுத்துண்டைத் தின்றுகொண்டே யசோதரா ஜே-ஏழைப் பற்றி நினைப்பாள். மீன் ருசியாக இருக்கும், அதுவும் எரிச்சலாக இருக்கும்.

பேராசிரியர் அருள்நாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பிப்ரவரியில் வெளியூரிலிருந்து குழு ஒன்று வருகிறது. எந்தப் பூஞ்சையை வயலில் சோதிப்பது என்று அவர்கள் முடிவுசெய்வார்கள், ஒன்றே ஒன்றைத்தான் எடுப்பார்கள். அதைக் கண்டுபிடித்தவளுக்கு அவர்களுடைய நிறுவனத்தில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்ய இடம். நவம்பர் இருபத்தைந்துவரை அந்த இடம் யசோதராவுக்குத்தான் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் அருள்நாதன் ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரு தடவை வந்தா அது தற்செயல். அறுவடைக்கு முன்னாடி அதே செடியிலேர்ந்து மறுபடி எடு. சாட்சி சுத்தமா இருக்கட்டும். அப்புறம் பேசலாம்."

சாட்சி என்பது அவர் வைத்த பெயர். இலையின் மேலே ஊர்ப்பட்ட தூசி, ஊர்ப்பட்ட பூஞ்சை. அதனால் முதலில் இலையை ஸ்பிரிட்டில் ஒரு தடவை, ப்ளீச்சில் ஒரு தடவை, பிறகு கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரில் மூன்று தடவை கழுவுவார்கள். அந்தக் கடைசிக் கழுவல் தண்ணீரைக் கொட்டிவிடாமல் ஒரு தனித் தட்டில் தடவிப் பதினாலு நாள் வைப்பார்கள். அதில் எதுவும் முளைக்காவிட்டால் இலையின் மேற்புறம் சுத்தம் என்று அர்த்தம். இலைத்துண்டிலிருந்து எது வளர்ந்தாலும் அது உள்ளேயிருந்து வந்தது. சாட்சித் தட்டில் ஏதாவது முளைத்துவிட்டால் கேஸ் தோற்றது. "நம்ம கோர்ட்டுல மட்டும்தான் சாட்சி வாயைத் தொறக்காம இருந்தா ஜெயிக்கலாம்" என்பார் அருள்நாதன், புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும்.

ஜனவரிக் கடைசியில் ஜானட் வள்ளூருக்குப் போய், சிவப்பு நாடா கட்டியிருந்த அந்தச் செடியிலிருந்து இலை கொண்டுவந்தாள். மறுநாளே ராஜாத்தி அறுவடையை ஆரம்பித்துவிட்டாள். ஜானட் இலையைக் கழுவி, நறுக்கி, ஆறு தட்டுகளில் வைத்தாள். ஏழாவது சாட்சி.

மூன்றாம் நாள் யசோதரா இன்குபேட்டரைத் திறந்தாள், தன்னுடைய தட்டுகளைப் பார்ப்பதற்காக. ஜானட்டின் தட்டுகள் அதே அடுக்கில் இருந்தன. மூடியின் உட்புறம் ஆவி படிந்து மங்கலாக இருந்தது. உள்ளே வெள்ளையா, வெறும் நீர்த்துளியா என்று தெரியவில்லை.

ஒரு நகத்தளவு மூடியைத் தூக்கினாள்.

வெள்ளைதான். இலை நரம்பின் வெட்டுவாயிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அரை சென்டிமீட்டர். மூடிவிட்டு, சாட்சித் தட்டையும் அப்படியே தூக்கிப் பார்த்தாள். அதில் ஏதாவது இருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தாள். ஒன்றும் இல்லை, கண்ணாடி போல் இருந்தது.

"அடுத்தவர் தட்டின் மூடியைத் தொடாதே" என்று அந்த அறையின் கதவில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியது அவள்தான். எழுதியதும் அவள்தான்.

நாலாம் நாளும் பார்த்தாள். ஐந்தாம் நாளும் பார்த்தாள். தனக்குத்தானே வைத்திய சோதனை செய்துகொள்கிறவள் மாதிரி அதற்கொரு ஒழுங்கு வந்துவிட்டது. முதலில் இலைத் தட்டு, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வை, அப்புறம் சாட்சித் தட்டு, ஏமாற்றம். அளவுகளைக் கைபேசியில் 'மளிகை' என்று தலைப்பிட்டுக் குறித்துவைத்தாள். எதற்குக் குறிக்கிறோம் என்று தெரியவில்லை. ஜே-ஏழு நாளுக்கு அரை சென்டிமீட்டர் வளர்ந்தது, மழைநாளானாலும் வெயில்நாளானாலும், சொன்ன சொல் மாறாத ஆள் மாதிரி.

ஏழாம் நாள் சனிக்கிழமை. ஜானட்டின் அண்ணன் டெரிக்கின் குழந்தைக்கு ஞானஸ்நானம். "கண்டிப்பா வரணும்க்கா, எங்கூட்டாண்ட எல்லாருக்கும் சொல்லி வெச்சிகீறேன்" என்று நாலு தடவை சொல்லியிருந்தாள். யசோதரா தலைவலி என்று செய்தி அனுப்பிவிட்டு, வியாசர்பாடியிலிருந்து பஸ் ஏறி ஆள் இல்லாத ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அன்றைக்கு அவசரமில்லை. இலைத் தட்டின் மூடியை முழுதாகவே எடுத்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். வெள்ளைக்கு நடுவில் மெல்லிய பச்சை ஓடியிருந்தது. வித்துக்கள் வந்துவிட்டன, மூச்சுப் பட்டாலே பறக்கும் பச்சைத் தூள். அழகாக இருந்தது. இவ்வளவு அழகான ஒன்று எதற்காக இலைக்குள்ளே போய் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தாள். அதே கையோடு சாட்சித் தட்டைத் திறந்தாள். கண்ணாடி.

திங்கட்கிழமை ஜானட் கேக் கொண்டுவந்தாள். யசோதரா இரண்டு துண்டு தின்றாள். அன்றும் மறுநாளும் இன்குபேட்டர் பக்கமே போகவில்லை.

புதன்கிழமை மதியம் ஜானட் சாட்சித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அருள்நாதனின் மேசைக்கு வந்து நின்றாள். அழவில்லை. "சார், பேசிடுச்சு" என்றாள்.

தட்டில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு.

அருள்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். "அதே பூஞ்சையாம்மா?"

"அதேதான் சார். மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டேன்."

"அப்ப இது இலைக்குள்ள இருந்து வரல. நம்ம ரூம்ல சுத்திகிட்டிருக்கிற தூசி. மொதல் தடவையும் அப்படித்தான் வந்திருக்கும்." அவர் குரல் உயரவில்லை, அதனால்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "இது ரூம்ல இருந்தா மத்தவங்க வேலையும் கெடும். கண்ணாடிக் குழாய்ல வளர்த்து வெச்சது, தட்டு, எல்லாத்தையும் நாளைக்கு ஆட்டோகிளேவ்ல போட்டு அழிச்சுடுங்க. வெள்ளிக்கிழமை குழுவுக்கு யசோதராவோட எண்பத்தெட்டைக் காட்டிக்கலாம்."

வெளியே வராந்தாவில் கமாலுதீன் பாய் ஜானட்டைத் தேற்றினார். "யாரோ கண்ணு வெச்சிட்டாங்க பாப்பா. சுத்திப் போட்டா செரியாப் பூடும்."

"ஆமா பாய், ஆட்டோகிளேவையே மூணு சுத்து சுத்திப் போடலாம்" என்றாள் ஜானட், சிரிக்கப் பார்த்து.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் யசோதராவுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் காற்று நன்றாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் அப்பா பீம்ராவ் வழக்கம்போல, "உன் காளான் இன்னாம்மா சொல்லுது?" என்று கேட்டார். இரண்டு மாதமாக அதற்கு எரிந்து விழுந்தவள், "ஜோரா கீது நைனா" என்றாள். மூன்று தோசை தின்றாள்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு ஜானட், குழாய்களையும் தட்டுகளையும் ஒரு கம்பிக்கூடையில் அடுக்கிக் கீழே கொண்டுபோனாள். எதையாவது அழிப்பதென்றால் கழிவுப் பதிவேட்டில் மூத்த ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சித் தட்டின் படத்தை ஒட்டி, முளைத்ததன் அளவையும் இடத்தையும் எழுத வேண்டும். யசோதரா முதலில் கையெழுத்தைப் போட்டுக் கூடையை அனுப்பிவிட்டாள். மற்றதை அப்புறம் நிதானமாக நிரப்பலாம் என்று உட்கார்ந்தாள்.

படத்தின் மேல் அளவுகோலை வைத்தாள். ஒன்றரை சென்டிமீட்டர். இடம்: விளிம்பின் ஓரம்.

எழுதிய பிறகு பேனா நின்றது.

கழுவிய தண்ணீரைத் தட்டு முழுக்கத் தடவுவார்கள். தண்ணீரில் இருந்திருந்தால் பொட்டுப் பொட்டாக எங்கெங்கும் முளைத்திருக்க வேண்டும். விளிம்பில் ஒன்றே ஒன்று ஏன்? அதுவும் பதினோரு நாளில் ஒன்றரைதானா? ஜே-ஏழு அப்படிச் சோம்பேறி இல்லையே. அவளுக்குத் தெரியாதா? கைபேசியை எடுத்து 'மளிகை'யைத் திறந்தாள். நாளுக்கு அரை. ஒன்றரை என்றால் மூன்று நாள். முளைவிட ஒரு நாள். புதன்கிழமையிலிருந்து நாலு நாள் பின்னால்.

சனிக்கிழமை.

அந்த விளிம்பு, அவளுடைய நகம் மூடியைத் தூக்கிய பக்கம்.

யசோதரா நாற்காலியில் அப்படியே இருந்தாள். கண்ணு வெச்சிட்டாங்க என்று பாய் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த மனிதருக்கு வித்து என்றால் என்ன, விரல்நுனியில் எத்தனை ஆயிரம் ஒட்டும் என்பதெல்லாம் தெரியாது. ஆனால் வழக்கைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

யாருக்கும் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமானால் தினசரி அளவு வேண்டும். அது உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, 'மளிகை' என்ற பெயரில். அழித்துவிட்டால் போதும். நாளைக்கு எண்பத்தெட்டு, பிறகு இரண்டு வருட இடம்.

அழிக்கும் பொத்தானில் விரல் வைத்தாள். மேலே அந்தப் பட்டியல் தெரிந்தது: அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஜானட் இத்தனை தடவை அதைப் பார்த்ததில்லை. ஐந்தாம் நாள் ஒரு தடவை, பதினோராம் நாள் ஒரு தடவை என்று புத்தகத்தில் சொன்னபடி பார்ப்பவள். எந்தெந்த நாளில் அது எப்படி இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் யசோதராதான். அது ஜானட்டிடம் இருந்தால் வயிறெரியலாம். எங்குமே இல்லாமல் போய்விட்டால்? ராஜாத்தியின் வயலில் அறுவடை முடிந்துவிட்டது. நாடா கட்டிய செடியின் தாளை இந்நேரம் மாடு மேய்ந்திருக்கும். மறுபடி தேடுவதென்றால் எங்கே போய்த் தேடுவது?

மணி மூன்றே முக்கால். யசோதரா மூன்று மாடிப் படிகளையும் இறங்கி ஓடினாள்.

ஆட்டோகிளேவ் பின்பக்கத்துக் கொட்டகையில் இருந்தது. ஆளுயர பிரஷர் குக்கர் அது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜானட் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"பாய், நிறுத்துங்க. தொறங்க."

"இன்னாம்மா நீ. இப்பத்தான் சுச்சு போட்டேன், தண்ணி சூடாயிகினு கீது. நீதானே கையெழுத்துப் போட்டு அனுப்பின."

"நான்தான் போட்டேன். தொறங்க பாய்."

"வுடுக்கா" என்றாள் ஜானட். "இன்னாத்துக்கு இப்ப? போனது போச்சு."

"சாட்சித் தட்டத் தொறந்தது நானு."

"எந்தத் தட்ட?"

"உன்னுதத்தான். சனிக்கிழம. இலைத் தட்டத் தொறந்து பார்த்துட்டு, அதே கையோட அத்தயும் தொறந்தேன். உன் ஜே-ஏழு இலைக்குள்ள இருந்துதான் வந்துச்சு. சாட்சில கொண்டாந்து வுட்டது என் கை."

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார். சுவிட்சை அணைத்துவிட்டு, திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஜானட் சுவரை விட்டு நிமிர்ந்தாள். பிறகு, "ஞானஸ்நானத்துக்குத் தலவலின்னு சொன்னியே" என்றாள்.

"தலவலி இல்ல."

"திங்கக்கெழம கேக் துன்னியே."

"துன்னேன்."

"எத்தினி தபா தொறந்த?"

"மூணாம் நாள்லேர்ந்து சனிக்கிழம வரிக்கும். தெனமும்."

"எதுக்கு?"

"உனுக்குக் கெடச்சுது. எனுக்குக் கெடைக்கல" என்றாள் யசோதரா.

மூடி திறந்தது. வெதுவெதுப்பான ஆவி முகத்தில் அடித்தது. ஜானட் துணியைச் சுற்றிக் கூடையை வெளியே எடுத்தாள். ஒரு குழாயை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "சுடுது" என்றாள். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனவள், முதல் படியில் நின்றாள்.

"சார்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். இந்தத் தப்பு உன்னுது, நீயே தூக்கினு போ." அக்கா என்ற சொல் எங்கும் வரவில்லை.

அருள்நாதன் நின்றபடியே கேட்டார். கத்தவில்லை. "அந்தக் கதவுல ஒட்டியிருக்கே, அது யார் எழுதினது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான் சார்."

"எழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அவளிடமிருந்து அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். குழுவைக் கூப்பிட்டு மூன்று வாரம் அவகாசம் கேட்டார். இந்தக் கல்விப் பருவம் முடியும்வரை யசோதரா உள்ளே போகக் கூடாது, வெளிமேசையில் உட்கார்ந்து இலை நறுக்கலாம், எண்பத்தெட்டு குழுவுக்குப் போகாது என்றார். ஜே-ஏழு பிழைத்திருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் இந்த வருடம் யாருக்கும் இடமில்லை.

அன்று மாலை ஜானட்டிடமிருந்து செய்தி வந்தது. 'அளவெல்லாம் அனுப்பு.' அவ்வளவுதான். யசோதரா பட்டியலை அப்படியே அனுப்பினாள், 'மளிகை' என்ற தலைப்போடு. இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.

சூடுபட்ட குழாய்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஜானட் ஒரு துளி எடுத்துப் புதுத் தட்டில் வைத்திருந்தாள். பூஞ்சை உயிரோடு இருந்தால் நாலு நாளில் தெரியும்.

திங்கட்கிழமை டப்பாவில் மீன் வரவில்லை. யசோதரா வெளிமேசையில் உட்கார்ந்து, வேறு எங்கிருந்தோ வந்த இலைகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜானட் இன்குபேட்டரைத் திறந்தாள். முதல் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள், வேண்டுமென்றேதான். யசோதரா நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினாள், தெரியவில்லை. வலப்பக்கம் நகர்த்தினாள். ஜானட்டின் தோளும் நோட்டுப் புத்தகத்தின் ஓரமும் பேனாவும் மட்டும் தெரிந்தன.

ஒன்றும் முளைக்காத தட்டுக்கு 'வளர்ச்சி இல்லை' என்று இரண்டே சொல் எழுதினால் போதும். ஜானட்டின் பேனா இரண்டு சொல் எழுதி நின்றது. அடுத்த தட்டுக்கும் இரண்டு சொல். அதற்கடுத்ததற்கும். ஏழு தட்டுகள்வரை அப்படியே போயிற்று. யசோதராவின் கையில் இலை நறுக்கப்படாமல் இருந்தது.

எட்டாவது தட்டை ஜானட் உடனே கீழே வைக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள். அளவுகோலைத் தேடி எடுத்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி, இரண்டு வரி, பக்கத்தைத் திருப்பி இன்னும் எழுதினாள்.

யசோதராவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அது உயிரோடு இருக்கிறது என்று அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.